எல்லாத் துயரும் மன அழுத்தம் அன்று

தேர்வுக்கு முந்தைய இரவின் பதற்றமும் மன அழுத்தம். கடன்பட்டவரின் கலக்கமும் மன அழுத்தம். மருத்துவர் மனச்சோர்வு என வரையறுக்கும் நோயும் நாளிதழில் மன அழுத்தமே. ஒரு மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டால், மறுநாள் பெரும்பாலும் அதே சொல்தான் முன்வைக்கப்படுகிறது. ஒரே சொல்லால் எல்லாத் துயரையும் குறிக்கும்போது, துயரின் காரணம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

தமிழ் மரபு இவ்வாறு கருதவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் சிறுமைப்படுவது இளிவு. உற்றாரையோ உரியவற்றையோ இழப்பது இழவு. முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது அசைவு. வேண்டுவன இல்லாமை வறுமை. இது செய்யுளுக்கு வகுத்த இலக்கணமேயன்றி மருத்துவ நூல் அன்று. ஆயினும், அழுபவரின் மனவலிமைக் குறைவு என்றொரு காரணம் இப்பட்டியலில் இல்லை என்பது கருதத்தக்கது. அவமதிப்பு முதலாவதாக வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கதே.

'எனக்குத் துக்கமாக இருக்கிறது' என்கிறோம். துன்புறுபவர் இங்கே எழுவாயாக வருவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று வருகிறார். இந்தி, கன்னடம், மலையாளம் எனப் பல இந்திய மொழிகளில் இவ்வமைப்பு உண்டு. பசிக்கும் மகிழ்ச்சிக்கும்கூட இதே அமைப்புத்தான் என்பதால், இலக்கணத்திலிருந்து ஒரு பண்பாட்டின் தத்துவத்தைப் பிழிந்தெடுக்க நான் முயலவில்லை. ஆனால் துயரை ஒருவரிடம் வந்து சேர்வதாகச் சொல்லும் தொடர், 'எதனால் வந்தது?' என்ற அடுத்த கேள்விக்கு இயல்பாகவே இடமளிக்கிறது. 'அவர் மன அழுத்தத்தில் இருந்தார்' என்ற தொடர் அக்கேள்வியை எழவிடாமலே முற்றுப்பெறுகிறது.

மனச்சோர்வு ஒரு நோய் என்பதையோ, மருந்தும் உளவியல் சிகிச்சையும் உயிர் காக்கின்றன என்பதையோ நான் மறுக்கவில்லை. பிஎச்கியூ-9 என்னும் வினாநிரல், கடந்த இரண்டு வாரங்களின் உறக்கம், பசி, சோர்வு, ஆர்வமின்மை முதலியவற்றை ஒன்பது வினாக்களால் கேட்கிறது. காரணத்தை அது கேட்பதில்லை. கேட்பது அதன் வேலையும் அன்று. காரணத்தைக் கேட்க வேண்டிய நிறுவனமும் அதே மௌனத்தை மேற்கொள்வதுதான் சிக்கல்.

2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வேமுலா இறந்தார். விடுதியிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டிருந்தார். ஆய்வு உதவித்தொகையும் பல மாதங்களாக அவர் கைக்கு வந்திருக்கவில்லை. 2019 மே மாதம் மும்பையில் இளம் மருத்துவர் பாயல் தட்வி இறந்தார். அதே ஆண்டில் அவ்விருவரின் தாய்மாரும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தை நாடினர். சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வகுத்த விதிகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த கோரிக்கை. தம் பிள்ளைகளின் துயர் இளிவில் பிறந்தது என்பதே அக்கோரிக்கையின் பொருள்.

வளாகந்தோறும் ஆலோசனை மையம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் இழவுக்குத் துணையும், வறுமைக்குப் பொருளும், இளிவுக்கு நீதியும் வேண்டும். நீதி கேட்டு வருபவரை மூச்சுப்பயிற்சிக்கு அனுப்புவது அவருக்கு இழைக்கப்படும் மற்றோர் இளிவு. ஒருவர் துயரில் இருக்கிறார் என்று அறிந்தால், அதற்குப் பெயர் சூட்டும் முன் அது எதனால் வந்தது என்று கேட்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை இடைமறிக்காதிருப்போம்.