நமது கல்லூரிக்கு ஒரு ஜாஸ் கழகம்

விழா மலர்களிலே புதிய கட்டிடத்திற்கும் விளையாட்டு மைதானத்திற்கும் வேண்டுகோள் விடுப்பது வழக்கம். நாம் வேண்டுவது அவற்றினும் செலவு குறைந்தது: மாணவர்க்கென ஒரு ஜாஸ் இசைக் கழகம். சைவமும் தமிழும் வளர்க்கும் கல்லூரியில் மேல்நாட்டு இசைக்கு இடமுண்டோ என அன்பர் சிலர் வினவுவர். அவர்க்கு விடை கூறுதல் நம் கடன்.

ஜாஸ் செல்வர் மாளிகையிற் பிறந்ததன்று. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தோர் வளர்த்த இசை அது. ஒருவர் பாட, பலர் ஏற்றுப் பாடும் தொழிற்பாடல் அதன் வேர்களுள் ஒன்று. உடப்புக் கரையிற் கரைவலை இழுப்போர் பாடிவந்த அம்பாப் பாடலும் அவ்வாறமைந்ததன்றோ? அவ்வக்கணத்திலே புதிது புனைதல் ஜாஸின் உயிர். கற்பனைச் சுரம் கேட்டுப் பழகிய நமக்கு இஃது அந்நியமன்று. வாத்தியங்கள் பிறநாட்டன என்பாரும் உளர். வயலின் எந்நாட்டது? கத்ரி கோபால்நாத் கருநாடக இசை வாசித்த சாக்சபோன் எந்நாட்டது?

ஆபிரிக்க இசை நமது மாவட்டத்திற்குப் புதிய விருந்தாளியுமன்று. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர், மேளத்தோடு சிரட்டையும் போத்தலும் கரண்டியும் தட்டி, மஞ்சா எனும் பாடல்களைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியிற் பாடிவருகின்றனர்.

இவ்விரு செல்வங்களும் இன்று தேய்கின்றன. கரைவலைத் தொழிலில் உழவு இயந்திரமும் விஞ்சும் புகுந்தபின், கயிறிழுக்கும் கைகள் குறைந்தன. கைகள் குறையவே பாட்டும் ஒடுங்கிற்று. மஞ்சாச் சொற்கள் பலவற்றின் பொருள் சிறாம்பியடி இளைஞர்க்கே விளங்குவதில்லை. ஆகவே, நாம் வேண்டும் கழகம் மேல்நாட்டு இசைத்தட்டுகளைப் பார்த்தொழுகுவதோடு நின்றுவிடலாகாது. மாணவர் உடப்புக்கும் சிறாம்பியடிக்கும் சென்று, முதியோர் பாடுவதை ஒலிப்பதிவு செய்து, தம் வாத்தியங்களில் வாசித்துப் பழகல் வேண்டும். அம்முதியோரைக் கல்லூரிக்கு அழைத்து, ஆசிரியர்க்குரிய மரியாதையும் சன்மானமும் அளித்தல் வேண்டும்.

படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங் 1913இல் ஒரு சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். பீற்றர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவனைப் பாடசாலை வாத்தியக் குழுவிற் சேர்த்துக் கொர்னெற் வாசிக்கப் பயிற்றினார். பின்னர் அக்குழுவுக்கே அவனைத் தலைவனாக்கினார். உலகம் போற்றிய ஜாஸ் கலைஞன் ஒருவன் உருவானது அப்பயிற்சியிலே. பரீட்சையிற் பின்தங்கிய மாணவனுக்குள் என்ன திறமை உறைகின்றது என்பதைக் கண்டறிய வகுப்பறை ஒன்றே போதாது.

ஓர் அறையும், வாரத்தில் ஒரு மாலையும், பொறுப்பேற்க ஓர் ஆசிரியரும் போதும். வாத்தியங்களைப் பழைய மாணவர் நாம் பகிர்ந்து வாங்கித் தரலாம். பழைய மாணவர் சங்கம் தனது அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு வேண்டுகின்றோம்.