மறைத்து விழுங்கும் மாத்திரை

ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற இளைஞர் திடீரென்று விறைத்துக் கீழே சாய்ந்தார். கை கால் வெட்டி இழுத்தது, வாயோரம் நுரை. “இரும்பு குடுங்கப்பா, இரும்பு!” என்று நாலைந்து குரல்கள். ஒருவர் மடங்கிய விரல்களைப் பிரித்து வண்டிச் சாவியைத் திணித்தார். துண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தேன். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது. “பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுருச்சு” என்றார் ஒரு பெரியவர்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கும். மூளை நரம்பணுக்களில் தறிகெட்டுப் பாயும் மின்தூண்டல் ஓய்ந்தால் உடலும் ஓயும். சாவிக்கு அதில் வேலையே இல்லை. கையைக் காலை அமுக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, நினைவு திரும்பும்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

தெளிந்ததும் அந்தத் தம்பி கேட்டதுதான் இன்னும் மனதை விட்டு அகலவில்லை. “அண்ணே, மில்லுல யார்ட்டயும் சொல்லிராதீங்க.” தொடர்ந்து நைட் ஷிப்ட். கூட இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு நாளாக மாத்திரையும் போடவில்லை.

தூக்கம் கெடுவதும் மாத்திரையை விடுவதும்தான் வலிப்பைத் திரும்பக் கூப்பிடும் முக்கியக் காரணங்கள். நூற்பாலைகளை நம்பி வாழும் ஊரில் இதைவிடத் தேவையான செய்தி என்ன இருக்கிறது? விஷயம் தெரிந்த மேற்பார்வையாளர் அவரைப் பகல் ஷிப்டுக்கு மாற்றலாம், ஓடும் இயந்திரத்தை விட்டுத் தள்ளி வேலை கொடுக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பின் முன் நின்று கிண்டுபவருக்கும் இதே கதைதான். சொன்னால் வேலை போகும் என்ற பயம், சொல்லாதவரைக் கொதிக்கும் கடாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திவைக்கிறது.

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். இந்து திருமணச் சட்டத்தின் 1976 திருத்தம் அடிக்கடி வரும் வலிப்பையும் மனநோயோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999-இல் அதை நீக்கினார்கள். சட்டம் விட்டாலும் நம் வீடுகள் விடவில்லை. பெண் பார்க்க வரும்போது மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குள் போகிறது. கல்யாணத்துக்குப் பிறகு மாத்திரையே நின்றுபோகிறது. அப்புறம் புகுந்த வீட்டில் வலிப்பு வந்தால் “பேய் பிடித்திருக்கிறது” என்கிறார்கள். வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடும். கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசினால் வேறு மருந்துக்கு மாறலாம், ஃபோலிக் அமிலமும் எடுத்துக்கொள்ளலாம். மறைத்து வாழ்பவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. சரியாகக் கண்டறிந்து மருந்து எடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபீனோபார்பிட்டோன் 1912-இலிருந்தும் ஃபெனிட்டாய்ன் 1938-இலிருந்தும் பயன்பாட்டில் உள்ளவை, விலையும் மலிவு. நமக்குப் பற்றாக்குறை மருந்தில் இல்லை. அதை ஒரு நாளும் விடாமல் போட வைப்பதில்தான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. மருத்துவர் எழுதிய வலிப்பு மாத்திரையும் அதே பையில் வர வேண்டும். அம்மாவுக்கான சர்க்கரை மாத்திரையோடு மகளுக்கானதும் வந்தால் பக்கத்து வீட்டுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஊரின் பேச்சு மாறப் பல வருடம் ஆகலாம். அவள் இன்றைய இரவு மாத்திரையை இன்றே போட்டாக வேண்டும்.