பாட்டு இருந்தால் போதுமா?

கலைஞர்களின் பிறந்தநாளும் நினைவுநாளும் வெற்றுச் சடங்கு என்று அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பாட்டு வாழும்வரை பாட்டைத் தந்தவருக்குத் தனியாக ஒரு நாள் எதற்கு என்பது அவர் கேள்வி. சான்றுக்கு அவர் இழுத்து வந்திருப்பது தியாகராஜர் நினைவுநாளில் திருவையாற்றில் நடக்கும் ஆராதனையை. அந்த ஊரின் கதையை அரைமணி நேரம் படித்திருந்தால் இதை எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரியில். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர்களின் பரம்பரைகள் அவர் கீர்த்தனைகளைத் தென்னாடெங்கும் கொண்டுசென்றன. பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதே காலத்தில் காவிரிக் கரையில் அவருடைய சமாதி கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்தது. 1903-ல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் புதுப்பித்தார்கள். பிறகு ஆராதனை வளர்ந்தது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிளந்தது. சமாதி மறுபடி சீரழிந்தது. பாட்டே நினைவைக் காக்கும் என்றால், ஊரூராக அவர் பாட்டு ஒலித்த அந்த ஆண்டுகளில் ஏன் காக்கவில்லை? அன்பர் பதில் சொல்லட்டும்.

காத்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த பாடகி. சமாதியின் நிலையைச் சொல்லி 1921-ல் குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து வந்த கடிதம் அவரை உலுக்கியது. நிலத்தைப் பெற்று, சம்பாத்தியத்தையும் நகைகளையும் செலவழித்து அங்கே கோயில் எழுப்பினார். 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது. அப்படியும் ஆராதனையில் பெண்கள் பாட இடம் கொடுக்கவில்லை. கட்டியவளே பாடக்கூடாதாம்! அவர் சமாதியின் பின்புறம் தனியாக மேடை போட்டுப் பெண்களைப் பாட வைத்தார். 1940-களின் தொடக்கத்தில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. பெண்கள் அதே பந்தலில் பாடினார்கள். நினைவுநாள் பெரிய மனிதர்களின் விளம்பர மேடை என்று எழுதும்போது, இந்தச் சண்டையை அன்பர் எங்கே ஒளித்து வைத்தார்? முழுப் பூசணிக்காய் சோற்றில் மறையாது.

ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் அன்பர் அங்கே போய் உட்கார்ந்து பார்க்கட்டும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகங்களில் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள். ஐந்துமே ஆதி தாளம். புகழ்பெற்ற வித்வானுக்குப் பக்கத்தில் பாட்டு கற்கும் பள்ளிச் சிறுமி தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடுவாள். வராளி ராகத்தைக் குரு நேராகக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்றொரு நம்பிக்கை உண்டு. அதனால் அந்த ராகத்துப் பஞ்சரத்தினக் கீர்த்தனை கச்சேரிகளில் அபூர்வம். ஆண்டு தவறாமல் அது ஊர்கூடி ஒலிப்பது அன்பர் வெற்றுச் சடங்கு என்று ஒதுக்கும் இந்த நாளில்தான்.

ஆராதனைக்குச் செலவாகும் பணத்தை வாழும் கலைஞர்களுக்குக் கொடுக்கலாமே என்கிறார். கொடுங்கள், யார் தடுத்தது? ஆராதனையில் பாடுகிறவர்கள் சன்மானம் வாங்குவதில்லை. மேடை கிடைக்காத இளம் பாடகருக்கும் வாசிப்பவருக்கும் அங்கே சில நிமிடம் கிடைக்கிறது. அதுவும் வாழும் கலைஞருக்குக் கிடைப்பதுதானே? கேமரா வெளிச்சமும் முன்வரிசைச் சண்டையும் எனக்கும் எரிச்சல்தான். அவற்றை ஒழிக்கச் சொல்லுங்கள், கூடவே நின்று குரல் கொடுக்கிறேன். அந்த நினைவுநாளையே ஒழிக்கச் சொல்வது அறியாமை. அறிந்தே சொன்னால் அது நன்றிகெட்டதனம்.

நாகரத்தினம்மாள் 1952 மே 19 அன்று மறைந்தார். தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவர் சமாதியும் இருக்கிறது. அவர் பிறந்தது 1878 நவம்பர் 3. பாட்டு வகுப்பு நடத்துகிறவர்களும் சபா நடத்துகிறவர்களும் வரும் நவம்பரில் அந்த நாளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொண்டாடுங்கள்.