அயலும் நாமும்: எண்ணப்பட்ட தலைமயிர்



உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு கிழமை இருக்கையில், எமது பதின்மூன்று வயது மகள் பாடசாலையால் வந்தவள் புத்தகப்பையைக் கதவடியில் போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். "அம்மா, என்ரை தலைமயிரை நேராக்கித் தாங்கோ. வகுப்பிலை எல்லாரும் சிரிக்கினம். இந்தத் தலையோடை நான் கோயிலுக்கும் வரமாட்டன்" என்றாள்.

அது அவளுடைய அப்பம்மாவின் சுருட்டை. ஊரில் அதற்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. இலண்டன் வகுப்பறையில் அது கேலிப்பொருளாகிவிட்டது. பிள்ளையின் கண்ணீரைப் பார்த்ததும் நாம் யோசிக்கவில்லை. கடைக்கு ஓடிப்போய், மயிரை நேராக்கும் ரிலாக்சர் பெட்டி ஒன்றை வாங்கி வந்தோம்.

மாடிப்படியில் எம்மைக் கண்டவர் கீழ்வீட்டு ஜமெய்க்கா அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். பைக்குள் இருந்த பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தலைத்துணியை ஒதுக்கி, காதுக்கு மேலே இருந்த பழைய தழும்பைக் காட்டினார். பிறகு எம்மை உள்ளே அழைத்துத் தேநீர் தந்து தன் கதையைச் சொன்னார்.

அவர் சிறுமியாயிருந்த காலத்தில் சனிக்கிழமை இரவு என்றாலே பயமாம். தாயார் இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சி, எண்ணெய் பூசிய தலையில் இழுத்து, சுருள் ஒவ்வொன்றையும் நேராக்குவார். குசினி முழுக்கக் கருகிய மயிரின் மணம். சற்று அசைந்தால் காது சுட்டுவிடும். இத்தனையும் எதற்கு? மறுநாள் கோயிலுக்குப் போவதற்கு!

"கடவுள் தந்த தலையோடு கடவுளின் வீட்டுக்குப் போக எங்களுக்கு வெட்கமாக இருந்தது" என்றார் அந்த அம்மா. எமது நெஞ்சில் ஏதோ தைத்தது. எமது மகளும் அதைத்தானே சொன்னாள்?

இந்த வெட்கம் அவர்களிடம் தானாகப் பிறந்ததல்ல, அடிமைத்தனத்தோடு வந்தது. ஆபிரிக்காவில் பின்னல் என்பது ஒரு கலையாகவும், இன்ன குலத்தவர் என்று காட்டும் அடையாளமாகவும் இருந்தது. கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட பின்னர் அதே தலைமயிர் இழிவாகப் பேசப்பட்டது. 1786 இல் லூசியானாவை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் மிரோ, அடிமையல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூடிக்கட்ட வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அடிமைமுறை ஒழிந்த பின்னரும் நேரான மயிருக்கே 'நல்ல மயிர்' என்ற பெயர் நிலைத்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் பலர் தம் சுருளை வெட்கமின்றி வளரவிட்டார்கள். கடந்த இருபது வருடங்களுக்குள் இன்னும் பெருந்தொகையான பெண்கள் இரசாயனத்தைக் கைவிட்டு இயற்கையான தலைமயிருக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவப் பெண்கள் பலர் இதனைத் தம் விசுவாசத்தோடு சேர்த்தே பேசுகிறார்கள்.

வேதாகமம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? பின்னலையும் பொன் ஆபரணத்தையும் பெரிதாக எண்ணாமல் உள்ளத்தின் அழகைத் தேடும்படி பேதுருவின் முதலாம் நிருபத்தின் 3ஆம் அதிகாரம் கேட்கிறது. இதைக் காட்டிப் பின்னல் போடுவதே பாவம் என்பாரும் உண்டு. ஆடம்பரத்தில் நம்பிக்கை வைக்காதே என்பதே அங்குள்ள செய்தி. நேரான மயிர் உயர்ந்தது, சுருண்டது தாழ்ந்தது என்று வேதாகமத்தில் எங்குமே இல்லை. மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் இயேசு, பயந்திருந்த சீடரிடம் அவர்களுடைய தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்றார். எண்ணி வைத்தவருக்கு அது சுருண்டதா நேரானதா என்று தெரியாதா? "என்னுடையதை அவர் தவறுதலாகப் படைக்கவில்லை" என்று அந்த அம்மா சிரித்தார்.

இந்த இடத்தில் எமது குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்நாட்டுக்கு வந்த புதிதில், பஸ்ஸில் முன்னால் இருந்த கறுப்பினப் பெண்ணின் தலையைப் பார்த்து, தேங்காய்ப் பொச்சு என்று எமக்குள் சொல்லிச் சிரித்திருக்கிறோம். தமிழ் விளங்காது என்ற துணிவு! எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தில், எகிப்துக்குத் தெற்கே இருந்த கூஷ் தேசத்துப் பெண்ணை மோசே மணந்ததற்காக மிரியாம் பழிபேசினாள். அவளுடைய தோல் தொழுநோயால் உறைபனி போல் வெளுத்தது. நாம் சிரித்த சிரிப்பு, சில வருடங்கள் கழித்து எமது பிள்ளையின் வகுப்பறையிலிருந்து எமக்கே திரும்பி வந்தது.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். ரிலாக்சர் பலவற்றில் சோடியம் ஹைட்ரொக்சைட் இருக்கிறது. அடைத்துப்போன தண்ணீர்க் குழாயைத் திறக்கப் பாவிப்பதும் இதே காரந்தான். மயிருக்குள் இருக்கும் பிணைப்புகளை உடைத்தே அது நேராக்குகிறது. தலைத்தோலையும் சுட்டுப் புண்ணாக்கக்கூடும். 33,497 பெண்களைப் பல வருடங்கள் அவதானித்த அமெரிக்க ஆய்வொன்று 2022 ஒக்டோபரில் வெளியானது. நேராக்கும் இரசாயனங்களைப் பாவிக்காதவரில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவோர் 1.64 வீதம் என்றும், வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பாவிப்போரில் 4.05 வீதம் என்றும் அது கணக்கிட்டது. இரசாயனமே காரணம் என்று இதனால் முடிவாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் பூசுமுன் ஒரு தாய் யோசிக்க இது போதும்.

அப்படியானால் சுருண்ட தலைமயிரை எப்படிப் பேணுவது? அந்த அம்மா சொல்லித் தந்ததை இங்கே தருகிறோம்.

தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேரான மயிரில் இலகுவாக நுனிவரை இறங்கும். சுருளில் இறங்காது. அதனால் சுருண்ட மயிர் விரைவில் வறண்டு, வளைவுகளில் முறியும். மிக நெருங்கிய சுருள் உள்ளவர்கள் கிழமைக்கு ஒருமுறையோ இரண்டு கிழமைக்கு ஒருமுறையோ முழுகினால் போதும். எம்மவரின் தளர்ந்த சுருட்டைக்குக் கிழமைக்கு ஒன்றிரண்டு தடவை சரியாக இருக்கும். ஷாம்பூவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, பிறகு நுனிவரை கொண்டிஷனர் பூசவேண்டும்.

காய்ந்த தலையை ஒருபோதும் சீவக்கூடாது. கொண்டிஷனர் பூசிய ஈரத்தில், தலையை நான்கு பங்காகப் பிரித்து, முதலில் விரலாலும் பின் அகன்ற பல்லுள்ள சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். துவாயால் முறுக்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். ஈரம் காயுமுன் சிறிதளவு எண்ணெயோ ஷியா வெண்ணெயோ தடவினால் ஈரப்பதன் நிற்கும். இரவில் பருத்தித் தலையணை உறை மயிரை உராயும். சாட்டின் உறை நல்லது. பின்னலை இறுக்கிப் போடவேண்டாம். பின்னல் வலித்தால் அது இறுக்கம். நாளடைவில் நெற்றியோர மயிர் உதிர்ந்து, திரும்ப முளைக்காமலும் போகலாம்.

இன்னுமொரு விடயம். ஆபிரிக்கச் சுருளையோ பின்னலையோ விதிவிலக்கின்றித் தடைசெய்யும் பாடசாலை விதிகள் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்துக்கு முரணாகக்கூடும் என்று பிரித்தானியாவின் சமத்துவ, மனித உரிமை ஆணைக்குழு 2022 ஒக்டோபரில் பாடசாலைகளுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2019 இல் இதற்கென்றே முதலாவது சட்டத்தை இயற்றியது. உங்கள் பிள்ளையின் தோழியைத் தலைமயிருக்காக வீட்டுக்கு அனுப்பினால், அந்தத் தாய்க்கு இதைச் சொல்லுங்கள். நாமும் இந்நாட்டில் புதிதாய் வந்து நின்றவர்கள்தானே?

பெட்டியை என்ன செய்தோம் என்கிறீர்களா? கடையில் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கினோம். பெரிய சனிக்கிழமை பின்னேரம் ஜமெய்க்கா அம்மா எமது குசினிக்கு வந்தார். மகளைக் கதிரையில் இருத்தி இரண்டு மணித்தியாலம் பொறுமையாகச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். எந்தச் சனிக்கிழமை இரவுகளுக்கு அவர் ஒருகாலம் பயந்தாரோ, அப்படியொரு சனிக்கிழமையில் எமது பிள்ளை "நோகேல்லை, அன்ரி" என்று சிரித்தாள். மறுநாள் அந்தத் தலையோடு கோயிலுக்கும் வந்தாள்.

வகுப்பில் சிரிக்கிறவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். ஆனால் அவள் இப்போது அழுவதில்லை.

சைவ வாசகர்கள் இதனைக் கிறிஸ்தவர் கதையென்று விட்டுவிட வேண்டாம். எந்தச் சமயத்தவராயினும் பிள்ளையின் நிறத்தையும் மயிரையும் குறையாகச் சொல்வதை முதலில் வீட்டில் நிறுத்துவோம். அயல்வீட்டாரின் தலையைப் பார்த்துச் சிரிப்பதையும் அன்றே நிறுத்துவோம். இரண்டும் ஒரே வியாதிதான்.