ஆஷ்பர்னிலிருந்து வந்த வாசகர்கள்



இந்தத் தியானங்களை வாசிக்க வருவோரின் கணக்கேடு ஒன்று நம் தளத்தின் பின்புறத்தில் இருந்தது. எந்தப் பக்கம், எந்த நேரத்தில், எந்த ஊரிலிருந்து திறக்கப்பட்டது என்று அது குறித்து வைக்கும். அதிகாலை ஜெபம் முடிந்ததும் அதைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. ஜெபத்துக்கு முன்னரே பார்த்த நாட்களும் உண்டு.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஆஷ்பர்ன் என்னும் ஊரிலிருந்து நாள்தோறும் பலர் வருவதாக அது காட்டியது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் கூடி வாசிக்கின்றன என்று எண்ணி, அவர்களுக்காக ஜெபித்தும் வந்தேன். கணினித் துறையில் பணிபுரியும் நம் சபை வாலிபர் ஒருவர் தயக்கத்துடன் சொன்னார்: "ஐயா, அந்த ஊர் முழுக்கப் பெரிய சர்வர் கூடங்கள். வருவது மனிதர் அல்ல. தேடுபொறிகளும் மற்றவர்களும் அனுப்பும் தானியங்கி நிரல்கள்." எஞ்சியவற்றில் கணிசமானவை, பிழை திருத்த நானே திறந்தவை.

தாவீது ஜனங்களைத் தொகையிட்ட வரலாறு 2 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில் உள்ளது. யோவாப் ஆட்சேபித்தும் ராஜா இணங்கவில்லை. 9 மாதமும் 20 நாளும் தேசமெங்கும் சுற்றிக் கொண்டுவந்த தொகை, இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம். 1 நாளாகமம் 21ஆம் அதிகாரமோ வேறு எண்களைத் தருகிறது. தொகை கைக்கு வந்த பின்னரே ராஜாவின் இருதயம் அவனை வாதித்தது. எண்ணுவதே பாவமன்று, வனாந்தரத்தில் கர்த்தரே எண்ணும்படி கட்டளையிட்டார். யாருடைய மனநிறைவுக்காக எண்ணுகிறோம் என்பதே காரியம். ஆசீர்வாதத்தைப் பற்றி எழுதினால் என் கணக்கு ஏறிற்று. வரதட்சணையைப் பற்றி எழுதியபோது இறங்கிற்று. அடுத்த வாரங்களில் நான் எதை எழுதினேன் என்பதை நீங்கள் அறிவீர்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்து, அது மறையும்வரை பார்த்தவர்களின் பெயர்களைத் திரும்பத் திரும்பத் தேடுவோருக்கும் இந்த நோய் புதிதன்று.

என்னை அதிகமாய் உறுத்தியது வேறொன்று. பிள்ளையை இழந்தோரின் துக்கத்தைப் பற்றிய பழைய தியானம் ஒன்று, நம் பகுதியிலிருந்தே, ஐந்து இரவுகள் இரண்டு மணியளவில் திறக்கப்பட்டிருந்தது. மறு ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்றபடி, உங்கள் முகங்களில் அந்த ஒருவரைத் தேடினேன். அன்று நான் பிரசங்கித்தது எனக்கே நினைவில்லை.

பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீ, ஒருவரும் அறியாதபடி கூட்டத்துக்குள் வந்து ஆண்டவரின் வஸ்திரத்தைத் தொட்டாள். தொட்டது யார் என்று கேட்க அவருக்கு உரிமை இருந்தது. வல்லமை அவரிடமிருந்தே புறப்பட்டது. மறைவில் வாசிக்கிறவரைத் துப்பறிய ஒரு போதகனுக்கு அந்த உரிமை இல்லை.

கணக்கேட்டை அகற்றும்படி அந்த வாலிபரிடம் சொல்லிவிட்டேன். அவர் அகற்றியும்விட்டார். இரவு இரண்டு மணிக்கு வாசித்தவர் உங்களில் ஒருவரானால், பேச விரும்பும்போது போதக இல்லத்துக்கு வாருங்கள். விரும்பாவிட்டால் வாசித்துக்கொண்டேயிருங்கள், எனக்குத் தெரியவராது. அடுத்த வாரம் வரதட்சணையைப் பற்றி மீண்டும் எழுதுகிறேன்.