குரங்கைத் திட்டியது போதும்

2025 பெப்ரவரி 9, முழு நாடும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். நாம் மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். ஒரு இடத்துப் பழுது நாட்டையே ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டோமா?

1998இல் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் குரங்கு பாயவில்லை. உப மின்நிலையங்களிலிருந்து நகர மையத்துக்குப் போன நான்கு 110 கிலோவோல்ட் கேபிள்களில், பழைய இரண்டு முதலில் போயின. மிச்சம் இரண்டும் பிறகு போயின. ஐந்து வாரம் திண்டாடினார்கள்.

உப மின்நிலையத்தைப் புதுப்பிப்பதென்றால் மதிலுக்குப் பெயின்ட் அடிப்பதல்ல. புது சுவிட்ச் பூட்டிவிட்டுப் பழைய கேபிளை விட்டுவைப்பதும் அல்ல. கேபிளையும் மாற்றுங்கள். திகதியை முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மின்வெட்டை நாம் பொறுப்போம். சொல்லாமல் வரும் இருட்டைப் பொறுக்க மாட்டோம்.