அகன்ற வேலிக் கதவும் கலப்புப் பலகையும்

வேலிக்குத் தாராளமாய்ச் செலவிடும் குடியானவர், வேலிக் கதவைப் பற்றிச் சிந்திப்பது அரிது. நாற்புறமும் கம்பியடித்து முடிந்தபின், மீந்த பணத்தில் ஏதோ ஒரு கதவை மாட்டிவிடுவதே வழக்கமாயிருக்கிறது. ஆனால் வேலியின் பலம் அதன் கதவின் பலத்துக்கு மேற்பட்டதல்ல. சவ்வாது மலையடிவாரத்தில் சந்தவாசல், படவேடு பக்கங்களில் வேர்க்கடலையும் கரும்பும் பயிரிடுவோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காட்டுப்பன்றி புகுவதற்குச் சரிந்த கதவின் அடியிலுள்ள இடுக்கே போதும்.

முற்காலத்தில் மாட்டுவண்டி நுழையும் வாசலும், முள்ளோ மூங்கிலோ கொண்டு கட்டிய படலும் போதுமாயிருந்தன. இக்காலத்தில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் குறுகிய பாதையிலிருந்து திரும்பி நுழையவேண்டியிருப்பதால், 12 அடி வாசல் அவசியமாகிறது. வாசல் அகன்றவுடனே கதவின் கஷ்டமும் ஆரம்பமாகிறது.

மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்த கலப்புப் பலகைகள் இப்பொழுது கடைகளில் கிடைக்கின்றன. இவை கரையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இடங்கொடா. ஆண்டுதோறும் வர்ணம் பூசும் செலவுமில்லை. ஆயினும் இவை தேக்கைவிடக் கனமானவை. விறைப்பிலோ தேக்குக்குக் குறைந்தவை. வெயிலில் நீளும், நெடுநாள் பாரம் சுமந்தால் வளையும். ஆதலால் இப்பலகை கதவுக்குத் தோலாகலாமேயன்றி எலும்பாகாது. எலும்பு இரும்புச் சட்டமாகவே இருத்தல் வேண்டும்.

ஒரு கணக்கைக் கவனிக்க. 12 அடி அகலமும் 5 அடி உயரமுமுள்ள கதவை முக்கால் அங்குலக் கெட்டிப் பலகையால் இடைவெளியின்றி அடைத்தால், பலகை மாத்திரமே ஏறக்குறைய 125 கிலோ ஆகும். சட்டத்தோடு 160 கிலோ என்று கொள்வோம். இப்பாரம் கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து 6 அடி தள்ளி நிற்கிறது. கீல்களுக்கிடையே 4 அடி இருப்பின், மேற்கீல் தூணைப் பக்கவாட்டில் 240 கிலோ பலத்தோடு இழுக்கும். மழையில் ஊறிய மண்ணில் ஒல்லியான வேலிக் கல்தூண் இதற்கு எம்மாத்திரம்? அதே வாசலுக்கு 6 அடியாக இரட்டைக் கதவு போட்டாலோ, ஒவ்வொன்றும் 80 கிலோ. பாரம் நிற்பது 3 அடியில். இழுப்பு 60 கிலோ. நாலில் ஒரு பங்கே! ஆகவே அகன்ற வாசலுக்கு ஒற்றைக் கதவு வேண்டுமென்று பிடிவாதம் செய்தல் வீண்.

இரட்டைக் கதவு நடுவில் பிளந்துகொள்ளும் என்று சிலர் ஆட்சேபிப்பர். தரையில் பதித்த கல்லின் குழிக்குள் இறங்கும் தாழ்ப்பாள் இதற்குப் பரிகாரம். பழைய வீட்டுக் கதவுகள் கற்குழியில் குடுமி வைத்துச் சுழன்றதுபோல், இக்கதவின் அடிமுனையும் கல்லின்மேல் சுழலுமாயின் பாரத்தின் பெரும்பகுதியைக் கல்லே ஏற்கும்.

தூண்கள் தடித்தவையாய், மூன்றரை அடி ஆழத்தில் காங்கிரீட்டில் நிற்கவேண்டும். குறுக்குச் சட்டம் கீழ்க்கீல் மூலையிலிருந்து எதிர்ப்புற மேல்மூலைக்கு ஏறவேண்டும். பலகைகளின் நுனியில் சிறிது இடம் விட்டு, ஆணித் துளைகளைச் சற்றுப் பெரிதாக இடுக. இல்லாவிடில் வெயிலில் பிதுங்கும். வாசலின் குறுக்கே தரைமட்டத்தில் காங்கிரீட் பட்டை போட்டால் பன்றி தோண்டிப் புகாது.

கிராம அலுவலர்கள் கவனிக்கத்தக்கதும் ஒன்றுண்டு. கதவு நிலத்தின் உட்புறமே திறக்கவேண்டும். பொதுவழியையும் வாய்க்கால் கரையையும் மறிக்கலாகாது.

கதவு சரிந்து பயிர் அழிந்தபின், ஆத்திரத்தில் வேலிக்கு மின்சாரத்தை நேரே பாய்ச்சுவோர் உளர். அது சட்ட விரோதம். பன்றியைமட்டுமன்றி, நீர் பாய்ச்ச வரும் மனிதரையும் கொல்வது. இருண்ட வேளையில் வரப்பில் நடப்பவர் பெரும்பாலும் அக்குடும்பத்தாரே. நேராய் நிற்கும் ஒரு கதவுக்கு ஆகும் செலவு, அந்நஷ்டத்தின்முன் செலவே அன்று.